இரண்டாவது முடிச்சு

சிவகாசி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அம்மா வள்ளித்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை அன்பரசனும் என் பேத்தி ரோஷினியும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எங்கள் காளியாத்தாளிடம் கேட்டேன், கேட்டதோடு கேட்டதாக உன் ஆண்டவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். உன் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் பீடி குறையவில்லை, நீ போனில் அதட்டினால்தான் கேட்பார். மழை பிடித்துக்கொண்டது, பின்னின சரவெடி எதுவும் காயவில்லை, பட்டாசுக் கம்பெனி வேனும் வரவில்லை. சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கை அரிக்கும் என்று உனக்குத் தெரியும், அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த காலண்டர் வேஸ்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு தாளைத் திருப்பினால் முருகன், அடுத்த தாளைத் திருப்பினால் ஆட்டுக்குட்டியோடு உன் ஆண்டவர். இரண்டு பேரும் ஒரே மெஷினில்தான் அடித்து வருகிறார்கள், அவர்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலே பாய்ந்து, விடும்மா, விட்டுத்தள்ளும்மா என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதனால் கடைசிவரை படி.

போன மாதம் நீ பேசினபோது, அம்மா, நான் படித்த இறையியல் கல்லூரியிலேயே பேராசிரியராக வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், பழைய ஏற்பாட்டுத் துறை முழுக்க என் பொறுப்பு, ரோஷினியைக் கூட்டிக்கொண்டு எல்லாருமாக ஊருக்கே வந்துவிடலாம் என்றாய். எனக்கு அப்படியே தெருவில் இறங்கி ஓடி எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதே மூச்சில், ராஜபாண்டியன் சார்தான் இப்போது நிர்வாகக் குழுத் தலைவர், அவரேதான் என் பெயரைச் சொன்னாராம், அவர் கையால்தான் ஆர்டர் வாங்க வேண்டும் என்றும் சொன்னாய். என் வாய் அடைத்துப்போனது. அம்மா லைன்ல இருக்கியா, லைன்ல இருக்கியா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். லைனில்தான் இருந்தேன் தாயீ. அவர் என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை, நீ திட்டுவாய் என்றுதான் மரியாதை போட்டு எழுதுகிறேன், நடுவில் எங்காவது தவறினால் கண்டுகொள்ளாதே.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் ஒருதரம் சொன்னால்தான் எனக்கு ஆறும். நீ ஹாஸ்டலில் தங்கிப் படித்து, ஒரு லீவுக்கு வந்து, நான் இயேசப்பாவை ஏற்றுக்கொண்டேன் என்று நின்றாய். உன் அப்பா சோறு உண்ணாமல் படுத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, எந்தச் சாமி படிக்க வைத்தால் என்ன, பிள்ளை வேனில் ஏறாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் இறையியல் படிக்கப் போகிறேன் என்றாய். சாமியைப் பற்றிப் படிக்க ஒரு காலேஜா, அதில் பெயிலாவது வேறு ஆவார்களா என்று கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். லீவுக்கு வந்தால் நான் சரம் பின்னுவேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து எபிரேய எழுத்தை வலப்பக்கத்திலிருந்து எழுதி எழுதிப் பழகுவாய். என் பிள்ளை எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாள். மேல்படிப்பும் முடித்து அங்கேயே தற்காலிகமாகப் பாடமும் நடத்தினாள். நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் வேறு யாருக்குக் கிடைக்கும் என்றுதான் எல்லாரும் இருந்தோம். அப்போது முதல்வராக இருந்த இந்த ராஜபாண்டியன், தேர்வுக் குழுவில் உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னான்? பெத்த தாயைச் சாமியாடுறதுலருந்து இழுக்க முடியாதவ வகுப்புல பிள்ளைகளுக்கு என்னத்தப் போதிப்பா, பட்டாசு மருந்து வாடை போகாத கை வேதத்தைத் தொட்டா ஆகுமா என்றான். அந்த அறையில் இருந்த ஒருவரே மனசு பொறுக்காமல் உன்னிடம் வந்து சொன்னார். நீ அதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. வேலை அவன் மருமகனுக்குப் போனது. நீ கடல் தாண்டிப் போனாய். உன் பிரசவத்துக்குக்கூட நான் பக்கத்தில் இல்லை. ரோஷினி இன்றைக்குவரை எனக்குப் போனுக்குள் இருக்கிற பிள்ளை.

நான் காளி கோயிலில் காசு வெட்டிப் போட்டது உனக்குத் தெரியும். நீ ஜெர்மனியில் ஆராய்ச்சி பண்ணினபோது, எதிரியைச் சபித்து உங்கள் வேதத்தில் பாடியிருக்கிற பாட்டுகளைப் பற்றி எழுதுகிறேன், நம்ம ஊர்ப் பொம்பளைகள் காசு வெட்டுவதையும் சேர்க்கப் போகிறேன் என்று எனக்கே போன் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதினாய். என் பகையை வைத்து நீ டாக்டர் பட்டம் வாங்கினாய், நான் அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குச் சொன்னதுதான். ஈரச்சேலையோடு போய், செய்தவன் பேரையும் செய்ததையும் சத்தம்போட்டுச் சொல்லி, சூலத்துக்கு முன்னால் கல்லில் வைத்துச் செப்புக்காசை உளியால் இரண்டாக வெட்ட வேண்டும். பூசாரி அந்தத் துண்டுகளை மஞ்சள் துணியில் முடிந்து சூலத்தடியில் புதைப்பார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது, ஒரு வாய்த் தண்ணீர்கூடப் புழங்கக் கூடாது. மீறி அவர்கள் கையால் எதையாவது வாங்கினால், வாங்கினவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது. இப்போது புரிகிறதா நான் ஏன் லைனில் வாயடைத்து நின்றேன் என்று? அவன் கையால் நீ ஆர்டர் வாங்கினால் அது என் ரோஷினி தலையில் விடியும். நீ இதை நம்ப மாட்டாய், தெரியும். நம்பாதவளுக்காக யார் பயப்படுவது, நான்தானே பயப்பட வேண்டும். அவனை அடிக்க நான் போட்ட கட்டு என் பிள்ளை வீட்டுக்கு வருகிற பாதையிலேயே குறுக்கே விழுந்து கிடந்தது. எத்தனை வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன் தெரியுமா.

நான் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் அவர்களே வந்தார்கள். போன வாரம் நம் தெருமுனையில் பெரிய கார் வந்து நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் இறங்கினார்கள். அந்த அம்மா நம் பக்கத்து ஊர்த் திருத்தங்கல்காரி, பிறந்த வீட்டுப் பக்கம் யாரோ காசு விஷயத்தை அவர் காதில் போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து உறக்கம் இல்லையாம். உன் இடத்தைப் பிடித்த அந்த மருமகன் வேலையையும் விட்டு, கட்டினவளையும் விட்டு எங்கோ போய்விட்டான், மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். உன்னைக் கூப்பிடுகிற அந்த நாற்காலி காலியானதே அப்படித்தான். எங்க வீட்டுல ஒண்ணும் விளங்கலை, இவுகளுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு, பிரசங்கம் பண்ண முடியலை, டாக்டருக எல்லாரும் ஒண்ணுமில்லைங்காக, நீங்க மனசு வச்சு அந்தக் காசை எடுத்துருங்க என்று அந்த அம்மா அழுதார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, அந்த மகளும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. ஆனால் அவனைப் பார்த்ததும் பாவம் எல்லாம் ஓடிப்போய்விட்டது. உன் அப்பா இருக்கிறாரே, வாங்க வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீக என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அடுப்படிக்குப் போய் அவரே டீயும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் நடுவில் போய்த் தம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன். இது காசு வெட்டின வீடு, பச்சத் தண்ணிகூடக் கிடையாது, நின்னு பேசிட்டுப் போங்க என்றேன். உன் அப்பா முகம் சுண்டிப்போனது. போகட்டும்.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா, இவ மனசு ஆறட்டும்னுதான் வந்தேன் என்றான். நம்பிக்கை இல்லாதவுக எதுக்கு ஏ.சி. கார் போட்டு எங்க தெருவுக்கு வரணும் என்று கேட்டேன். உன் பெயரைக் குழுவில் சொன்னதைப் பெரிய உபகாரமாக எடுத்து வைத்தான். உங்க மகளுக்கு நானே பேசி வாங்கிக் குடுத்திருக்கேன் என்றான். எனக்கு உச்சி கொதித்தது செல்வி. அன்றைக்கு உன் படிப்பைப் பார்க்காமல் தள்ளினான், இன்றைக்குத் தொண்டைக்குப் பயந்து உன் படிப்பைப் பார்க்காமல் கூப்பிடுகிறான். நீ இத்தனை வருஷம் படித்ததை அந்த ஆள் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இதை அவனிடமே சொன்னேன். சொல்லிவிட்டு, காசு எடுக்கணும்னா ரெண்டு தரப்பும் காளி முன்னாடி நிக்கணும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வேன் கோயில் வாசல்ல வந்து நிக்கிற நேரத்துக்கு வாங்க, அன்னைக்குக் குழுவுல என் மகளைப் பத்தி என்ன சொன்னீகளோ அதை ஒரு வார்த்தை குறையாம அங்கன சொல்லணும், இஷ்டம் இருந்தா வாங்க, இல்லைன்னா தொண்டையைப் பாத்துக்கிடுங்க என்றேன். அவர்கள் போனதும் உன் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு படிச்ச பெரிய மனுசனை இப்படியா நிறுத்துவ என்றார். நம்ம பிள்ளை படிச்சவ இல்லையா என்றேன்.

வந்தான். மழைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பூசாரி ஊர்க்காவலன் சூலத்தடியைத் தோண்டிக்கொண்டிருந்தார். வேன் வந்து நின்றது. என்னோடு வேலைக்கு வருகிற மாரிசெல்வியும் மற்றவர்களும் கையில் பட்டாசு மருந்து வெள்ளிப்பொடியோடு, காதோரம் எல்லாம் கரியோடு இறங்கி, என்ன ஏது என்று சுற்றி நின்றுகொண்டார்கள். நான் முன்பே யாரிடமும் சொல்லி வைக்கவில்லை, சொல்லவும் தேவையில்லை. உங்கள் கல்லூரியில் அங்கி போட்டு ஊர்வலம் போகிற ஆள், விக்கிரகம் விக்கிரகம் என்று வருஷக்கணக்காகப் பாடம் எடுத்த ஆள், செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் காளிக்கு முன்னால் நின்றான். முதலில் என் சாமியாட்டத்தைப் பற்றிச் சொன்னதைச் சொன்னான். குரல் எழும்பவில்லை, மாரிசெல்விதான், கேக்கலை, சத்தமா சொல்லச் சொல்லுங்க என்றாள். திரும்பவும் சொன்னான். அடுத்தது கையைப் பற்றிச் சொன்னது. மருந்து என்று ஆரம்பித்தான், சுற்றி நிற்கிறவர்களின் கையைப் பார்த்தான், நிறுத்திவிட்டான். அந்த அம்மா முதுகில் தொட்டு, சொல்லிருங்க, சொல்லிருங்க என்றார். மருந்து வாடை போகாத கை வேதத்தைத் தொட்டா ஆகுமான்னு கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது என்றான். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்று அவனைப் பார்த்தார்கள். எனக்கு அடிவயிறு குளிர்ந்தது மகளே. உன்னிடம் மறைத்து ஆவது ஒன்றுமில்லை, அப்படி ஒரு சந்தோஷம் உன் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை.

ஊர்க்காவலன் முடிச்சை அவிழ்த்து, இரண்டு துண்டையும் சேர்த்து மஞ்சள் நூலால் கட்டி அம்மன் காலடியில் வைத்தார். அப்புறம் இரண்டு தரப்பும் ஒரே செம்பில் தண்ணீர் குடிக்க வேண்டும். அவன் ஒரு வாய் குடித்தான். உன் பங்குக்கு உன் அப்பா வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, அவனிடம், தொண்டைக்கு மிளகு போட்டுச் சுடுதண்ணி குடிங்க சார் என்றார், அந்த மனுஷனை என்ன செய்ய. அதோடு உன் கணக்கு தீர்ந்தது. இனி நீ அவன் கையால் ஆர்டர் வாங்கலாம், ரோஷினிக்கு ஒன்றும் ஆகாது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அவனே செம்பை எடுத்து, நீங்களும் ஒரு வாய் குடிங்கம்மா, இத்தோட எல்லாம் முடிஞ்சுபோச்சு என்று என்னிடம் நீட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டேன். ஊர்க்காவலன் அந்தக் குழிக்குள்ளிருந்து இன்னொரு மஞ்சள் முடிச்சை எடுத்து, தாயீ, இதை என்ன செய்ய என்று என்னைக் கேட்டார். புதைங்க என்றேன். அவன் செம்போடு அப்படியே நின்றான். இது எதுக்கு என்று கேட்டான். நெசமாகவே அவனுக்குத் தெரியவில்லை செல்வி. அந்த முகத்தைப் பார்த்தேன், நடிப்பு இல்லை, அவனுக்கு ஞாபகமே இல்லை. எதுக்குன்னு உங்களுக்கு என்னைக்கு ஞாபகம் வருதோ அன்னைக்கு வாங்க, அப்ப எடுப்போம் என்று சொல்லிவிட்டு, மாரிசெல்வியோடு வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

அது எதற்கு என்று உனக்கும் தெரியாது. உன் அப்பாவுக்குமே தெரியாது. நீ அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன மறுநாள், நான் வேனுக்குப் போகாமல், பொட்டை அழித்துவிட்டு, காளி கயிற்றையும் கழுத்திலிருந்து அறுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறி உன் கல்லூரிக்குப் போனேன். நீ வகுப்பில் இருந்தாய், உன் கண்ணில் படாமல் அவன் வீட்டுக்குப் போனேன். காலையில் போனவளைச் சாயங்காலம்வரை படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தவன் காலில் விழுந்தேன். ஐயா, நான் சாமியாடுறதை விட்டுட்டேன், இப்பவே எனக்கு ஞானஸ்நானம் குடுங்க, என் நெத்தியைப் பாருங்க, என்னால என் பிள்ளை பிழைப்பைக் கெடுத்துராதீக என்று கேட்டேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, போஸ்ட்டுக்கு ஆள் போட்டாச்சும்மா, இனிமே நீ எந்தச் சாமியைக் கும்பிட்டா எனக்கென்ன என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெற்றவளை உன் ஆண்டவரிடம் கொண்டுவரவில்லை என்றுதானே உன்னைத் தள்ளினான்? பெற்றவள் வந்து வாசலில் விழுந்து கிடந்தாள், அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. வெறும் நெற்றியோடு பஸ்ஸில் திரும்பி வந்தேன். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று அன்றைக்கு ஒருநாள் எந்தச் சாமியும் இல்லாமல் இருந்தேன். சாத்தூர் தாண்டும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இறங்கி நேரே காளியிடம் போய், விட்டுட்டுப் போனவளை ஏத்துக்கோ என்று சொல்லி, ஈரச்சேலையோடு காசை வெட்டினேன். உனக்காக ஒன்று, எனக்காக ஒன்று.

நீ இப்போது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுப்பாய். எடுக்காதே. அம்மா, அவர் வயசானவர், மன்னிச்சிரு என்பாய். மன்னிப்பு உன் படிப்பு தாயீ, நீ நன்றாகப் பாடம் நடத்து, பிள்ளைகளுக்கு மார்க் போடு, நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் நீயே ஆராய்ச்சி பண்ணினாயே, எதிரியின் பல்லை உடை, வீட்டை வெறுமையாக்கு என்கிற மாதிரி எல்லாம் பாடினவனை உன் ஆண்டவர் தள்ளிவிடவில்லையே, அவன் பாட்டை வேதத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டாரே. அப்படி என்னையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளட்டும். நீ கட்டாயம் வர வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். எந்தக் கையை வைத்து உன்னைத் தள்ளினானோ அந்தக் கைக்காரியின் மகள் அங்கே எபிரேயம் நடத்துவதை அவன் தினமும் பார்க்க வேண்டும். நீ பதவியேற்கிற அன்று நான் நல்ல சேலை கட்டி, பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருவேன். என் முடிச்சு என்னை மட்டும்தான் கட்டும், அதனால் நான் அந்த மதிலுக்குள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன், விருந்துக்குக் கூப்பிட்டு என்னை வற்புறுத்தாதே, வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவேன்.

ரோஷினிக்கு இங்கே வெயில் தாங்குமா என்று மாப்பிள்ளை கவலைப்பட்டாராம், பழகிக்கொள்ளும் என்று சொல். சாத்தூர் காராச்சேவு கூரியரில் போட்டிருக்கிறேன், உறைப்பு குறைத்துத்தான் வாங்கினேன், பிள்ளைக்குக் கொஞ்சமாகக் கொடு. நீ மூன்று பேருக்கும் சேர்த்து மெலிந்திருக்கிறாய், படித்தது போதும், நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நூறு வயதுக்கு நோய் நொடி இல்லாமல், போன இடமெல்லாம் தலை நிமிர்ந்து வாழ வேண்டும். எங்கள் காளியும் உன் ஆண்டவரும் பேசிவைத்துக்கொண்டு உங்களைக் காப்பாற்றட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வந்து சேர்ந்ததும் அவன் உன் அறைக்கு வருவான். உங்க அம்மா அந்த ரெண்டாவது முடிச்சை எதுக்குப் போட்டாக, உனக்குத் தெரியுமா என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்பான், கெஞ்சிக் கேட்பான். உனக்கு மனசு இளகும், நீ அப்பா பிள்ளை. சொல்லிவிடாதே. அவனாக நினைத்துப் பார்க்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
மருந்துக் கை வள்ளித்தாய்.